சைக்கிள் சும்மா நிற்கலாமா?

கோடை விடுமுறை வந்துவிட்டது.

அம்பாசமுத்திரத்தில் பல வீடுகளின் முற்றத்தில் ஒரு சைக்கிள் நிற்கிறது. மகள் பிளஸ்-1 படித்தபோது அரசு கொடுத்த சைக்கிள். டயரில் காற்று இல்லை. மகளோ கைப்பேசியும் கையுமாக உட்கார்ந்திருக்கிறாள்.

பெற்றோர்களே! அந்த சைக்கிளை வெளியே எடுங்கள்.

முதல் வேலை வீட்டிலேயே இருக்கிறது. டியூபைக் கழற்றிக் காற்றடித்து, வாளித் தண்ணீரில் அமுக்கச் சொல்லுங்கள். எங்கே குமிழி வருகிறதோ, அங்கேதான் ஓட்டை! அந்த இடத்தைத் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, டியூப் துண்டை ஒட்ட வேண்டும். பஞ்சர் ஒட்டத் தெரிந்தவள் நடுவழியில் தவிக்க மாட்டாள்.

பிறகு பயணம். வெயில் ஏறுமுன் குடும்பத்தோடு புறப்படுங்கள். தாமிரபரணியைத் தாண்டினால் கல்லிடைக்குறிச்சி. அப்பளத்துக்குப் பெயர்போன ஊர். அதைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளைகள், மறுநாள் மொட்டை மாடியில் வடகம் பிழியத் தாமே ஓடி வருவார்கள். இன்னொரு நாள் பாபநாசம் போகலாம். சுமார் 10 கிலோ மீட்டர்தான்.

"பெண்பிள்ளைக்கு எதற்கு ஊர் சுற்றல்?" என்று சிலர் கேட்பார்கள்.

1991-ம் ஆண்டு புதுக்கோட்டை மாவட்டத்திலும் இப்படித்தான் கேலி பேசினார்கள். அங்கே அறிவொளி இயக்கம், பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக் கொடுத்தது. பல்லாயிரம் பெண்கள் துணிந்து ஓட்டினார்கள். குடத்தையும் குழந்தையையும் சைக்கிளில் வைத்துப் போனார்கள். பஸ்சுக்குக் காத்துக் கிடந்த நேரம் மிச்சமாயிற்று. கேலி பேசிய வாய்கள் அடங்கின.

சைக்கிளை அரசு தந்துவிட்டது. போய் வர அனுமதி தர வேண்டியவர்கள் பெற்றோர்களே!