பூட்டிக் கிடக்கும் கராஜ் அறை





கிழக்கிலங்கையில் வீடு பெரும்பாலும் பெண்ணின் பெயரில்தான் இருக்கிறது. மகளுக்குக் கலியாணம் பேசும்போதே வீட்டைப் பற்றியும் பேசி, உறுதியை அவள் பெயருக்கு எழுதிக் கொடுப்பது நமது பக்கத்து வழக்கம். ஆனால், உறுதியில் பெயருள்ள அந்தப் பெண் உட்கார்ந்து கணக்கெழுதவோ, துணி வெட்டவோ, பிள்ளைகளுக்குப் பாடம் தயாரிக்கவோ அந்த வீட்டில் ஒரு மேசை உண்டா? சாப்பாட்டு மேசையில் பாதியை ஒதுக்கிக்கொண்டு வேலை செய்கிறாள். சோறு வைக்கும் நேரம் வந்ததும் எல்லாவற்றையும் சுருட்டிக் கட்டிலுக்குக் கீழே தள்ளுகிறாள்.

அதே வளவில், வீட்டோடு ஒட்டினாற்போல் ஒரு கராஜ் அறை பூட்டிக் கிடக்கும். திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றிய பகுதிகளில் இப்படியான அறைகள் பல. உள்ளே பழைய வலை, உடைந்த கதிரை, எண்ணெய் டின், எலிப் புழுக்கை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோதும், 2022 ஜூனில் எரிபொருள் இல்லாமல் அரச ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னபோதும், ஓர் அறையின் அருமை நமக்கு விளங்கியது. பிறகு மறந்துவிட்டோம். இந்த மாதம் அந்த அறையைத் திறப்போம்.

முதலில் அறையைக் காலி செய்யுங்கள். தட்டுப்பாட்டுக் காலத்தில் சேர்த்து வைத்த பெற்றோல், மண்ணெண்ணெய்க் கேன்கள் இருந்தால் அவைதான் முதலில் வெளியே போகவேண்டும். பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு படிந்து நிற்கும். ஒரு சிறு தீப்பொறி போதும். தரையிலுள்ள எண்ணெய்க் கறையில் மரத்தூளைப் போட்டு ஊறவிட்டு அள்ளிய பின், சலவைச் சோடாவும் சுடுதண்ணீரும் விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள்.

அடுத்து மேலே பாருங்கள். கூரை அஸ்பெஸ்டோஸ் தகடா? அப்படியானால் கவனம். அதில் துளை போடவோ, அறுக்கவோ, உரஞ்சவோ கூடாது. காய்ந்த தூளைத் தும்புத்தடியால் கூட்டவும் கூடாது. கண்ணுக்குத் தெரியாத அதன் நார் சுவாசப்பைக்குள் போனால், இருபது முப்பது வருடங்கள் கழித்தும் புற்றுநோயை உண்டாக்கும். எல்லா வகை அஸ்பெஸ்டோஸும் புற்றுநோய்க் காரணி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. 2018 இலிருந்து அதன் இறக்குமதியை நிறுத்த நமது நாட்டில் ஏற்பாடு நடந்தது. 2017 டிசம்பரில் ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியதும் அந்தத் தடை தள்ளிப் போடப்பட்டது. சட்டம் வரும் வரை நமது சுவாசப்பை காத்திருக்காது. தகடு நல்ல நிலையில் இருந்தால் அதைத் தொடாமல், கீழே தனிச் சட்டம் அடித்து ஒரு சீலிங் போடுங்கள். வெடித்திருந்தால், நனைத்துவிட்டு, உடைக்காமல் முழுத் தகடாகக் கழற்றச் சொல்லுங்கள். வேலை முடியும் வரை பிள்ளைகள் அந்தப் பக்கம் வரக்கூடாது.

மூன்றாவது ஈரம். நமது மாவட்டத்து மழையில் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் வாடையோடு வருகிறது. ஆகவே ஜனவரியில் சுவரில் ஈரம் ஏறியிருக்கும் உயரத்தைப் பென்சிலால் கோடிட்டு வையுங்கள். தரைக்கு ஒரு சோதனை இருக்கிறது. இரண்டடிச் சதுரப் பொலித்தீன் ஒன்றை விரித்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். அடியில் நீர்த்துளி நின்றால் நிலத்து ஈரம் மேலே ஏறுகிறது என்று பொருள். அப்போது தடித்த பொலித்தீன் விரித்து அதன்மேல் புதிய தளம் போடவேண்டும். கராஜ் தளம் வாசல் பக்கம் சரிந்திருக்கும். அதையும் அத்தோடு மட்டமாக்கிவிடலாம். சுவரில் வெள்ளை வெள்ளையாகப் பூப்பது உப்பு. அதன்மேல் பெயின்ற் அடித்தால் ஒரு மழையில் உரிந்துவிடும். பூச்சை உதிர்த்து, நன்றாகக் காயவிட்டு, ஆற்று மண்ணில் புதுப்பூச்சுப் பூசச் சொல்லுங்கள். பிணைச்சலும் ஆணியும் கடற்காற்றில் துருப்பிடிக்கும். பித்தளை அல்லது துருப்பிடிக்காத உருக்கில் வாங்கினால் ஒருமுறைச் செலவோடு முடியும்.

நான்காவது மின்சாரம். கராஜுக்குப் பெரும்பாலும் ஒரு பல்பு வயர்தான் வந்திருக்கும். அதில் கணினி, தையல் மெசின், பேன் எல்லாவற்றையும் தொங்கவிடாதீர்கள். அனுமதிப் பத்திரமுள்ள மின்னியலாளரைக் கொண்டு தனி வயர் இழுத்து, நில இணைப்பும் ட்ரிப் சுவிட்சும் சரியாக வேலை செய்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் இல்லாமல் இருந்தோம். அப்படியான நாளுக்கு ஜெனரேட்டர் வைத்திருந்தால் அதை அறைக்குள்ளோ யன்னலுக்குக் கீழோ ஓட்டக்கூடாது. அதன் புகைக்கு வாசனை தெரியாமலே ஆளைக் கொல்லும் குணம் உண்டு.

ஐந்தாவது காற்றும் வெளிச்சமும். உட்துறைமுக வீதியிலுள்ள ஒல்லாந்தர் காலத்து மாளிகையைப் பார்த்திருப்பீர்கள். பாழடைந்து கிடந்த அதைத் திருத்தி, 2013 இல் கடற்படை வரலாற்று அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். தடித்த சுவரும் உயர்ந்த கூரையும் அகன்ற விறாந்தையும் மின்விசிறி இல்லாத காலத்தில் வெயிலைத் தடுத்தன. நமக்கு மாளிகை வேண்டாம், அந்த யோசனை போதும். எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு யன்னல் இருந்தால் கச்சான் காலத்திலும் புழுக்கம் குறையும். வாடை அடிக்கும் பக்கத்து யன்னலுக்கு மேலே ஒரு தாழ்வாரம் இறக்குங்கள். மேசையை யன்னலுக்குப் பக்கவாட்டில் போட்டால் வெளிச்சம் கண்ணிலும் குத்தாது, கணினித் திரையிலும் அடிக்காது.

கடைசியாகக் கதவு. பெரிய ஷட்டரை எடுத்துச் சுவர் கட்டுவதானால், வெளிப்பக்கம் ஒரு கதவும் வீட்டுப்பக்கம் ஒரு கதவும் வையுங்கள். ரியூஷனுக்கு வரும் பிள்ளைகளும் தைக்கக் கொடுக்க வரும் பெண்களும் வீட்டுக்குள் நடந்து போகவேண்டியதில்லை. வீட்டாரின் மறைவும் காக்கப்படும், உங்கள் வேலையும் நடக்கும். ஆனால் சுவரை இடிக்குமுன் உள்ளூராட்சி மன்றத்தில் அனுமதி கேளுங்கள். 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டம் செல்லும் பகுதிகளில் கட்டடத்தை மாற்றவும் அனுமதி வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் செய்யக் காசு இருக்காது. கூரை, ஈரம், மின்சாரம் மூன்றும் முதலில். பெயின்றும் திரைச்சீலையும் பிறகு. மழை ஓய்ந்து பெப்ரவரியில் தொடங்கினால் ஒக்டோபர் வருமுன் ஆறுதலாக முடிக்கலாம்.

“வீட்டுக்குள் இருக்கிற பொம்பிளைக்கு ஒப்பீஸ் எதற்கு?” என்று யாராவது கேட்கக்கூடும். அன்னை கதீஜா (ரலி) அவர்கள் மக்காவிலிருந்தபடியே ஷாம் தேசம் வரை வணிகம் நடத்தியவர்கள் என்பதை அவர்களும் அறிவார்கள். வாக்குவாதம் வேண்டாம். வாப்பாவிடமோ மச்சானிடமோ செலவுக் கணக்கோடு போய்ப் பேசுங்கள். மாதம் எத்தனை உடுப்புத் தைக்கிறீர்கள், எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறீர்கள், இடமில்லாமல் எத்தனை வேலையைத் திருப்பி அனுப்பினீர்கள் என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்துக் காட்டுங்கள். திருப்பி அனுப்பிய வேலையின் கணக்கைப் பார்த்தபின் கராஜ் திறப்பைத் தர மறுப்பவர் குறைவு.

வஸ்ஸலாம்.