கஞ்சித் தண்ணீர் போதாது

1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமத்தை விட்டு நடந்தபோது நாம் எவற்றைத் தூக்கிக்கொண்டு வந்தோம்? பாய், கேத்தில், காணி உறுதி, ஒரு சட்டி. அம்மியையும் உரலையும் எவரும் தூக்கவில்லை. 2009 இல் வன்னியிலிருந்து வந்தவர்கள் பலருக்குச் சட்டிகூட மிஞ்சவில்லை. அந்த நாட்களில் பல் முளைக்காத பிள்ளைகளுக்குக் கையில் கிடைத்ததைக் கொடுத்தோம்: கஞ்சியின் மேல் தண்ணீர், தேத்தண்ணியில் தோய்த்த பிஸ்கற். அதற்காக எந்தத் தாயையும் குறைசொல்ல எமக்கு வாயில்லை. ஆனால் அந்த இக்கட்டில் வந்த பழக்கம், அடுப்பும் கிணறும் உள்ள வீடுகளிலும் இன்று தொடர்வதைக் காண்கிறோம்.

எட்டு மாதப் பிள்ளையின் வயிறு ஒரு வேளைக்கு ஏறக்குறைய 200 மில்லிலீற்றர்தான் கொள்ளும். ஒரு தேநீர்க் கோப்பை அளவு. அதைத் தண்ணீரால் நிரப்பினால் சத்துக்கு இடம் ஏது? பிள்ளை அழாமல் உறங்கும், நாமும் வயிறு நிறைந்துவிட்டதென்று நம்புவோம். கிளினிக் அட்டையில் கோடு மட்டும் மேலே ஏறாது. கரண்டியில் அள்ளிச் சற்றுச் சரித்துப் பாருங்கள். ஓடி விழாமல் நின்றால் அது பிள்ளைக்கு ஏற்ற தடிப்பு.

"எங்களிட்டை பிளென்டர் இல்லையே" என்று இளந்தாய்மார் கவலைப்படுகிறார்கள். இல்லாததே நல்லது என்போம். அந்த மெசின் சுற்றுவதற்கே தண்ணீர் ஊற்றவேண்டும். கடைசியில் கிடைப்பது மறுபடியும் கஞ்சித் தண்ணீர்தான். மாவரிக்கும் அரிதட்டும் சிரட்டை அகப்பையும் இருந்தால் போதும். ஒரு பிடி அரிசி, அரைப்பிடி பருப்பு, ஒரு துண்டு பூசணி மூன்றையும் மண்சட்டியில் குழைய அவியுங்கள். இறக்கும் முன் உருவிய முருங்கையிலை கொஞ்சம் போட்டு அவியவிடுங்கள். கொதிதண்ணீரில் கழுவிய அரிதட்டில் கொட்டி, அகப்பையின் முதுகால் தேயுங்கள். கீழே விழுவது பிள்ளைக்கு. மேலே நிற்கும் நாரும் தோலும் கோழிக்கு. ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய் அல்லது நல்லெண்ணெய் விட்டால் அளவு கூடாமல் பலம் கூடும். உப்பும் சீனியும் ஒரு வயதுவரை வேண்டாம். தேனும் அப்படியே, பேத்திமாருக்கு இது பிடிக்காது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

ஆறு மாதத்துக்குப் பின் தாய்ப்பாலில் உள்ள இரும்புச்சத்து மட்டும் பிள்ளைக்குக் காணாது. ஆகவே மீன், முட்டை, கோழி ஈரல் என்பன பெரியவர்களின் கோப்பைக்குப் போகுமுன் பிள்ளையின் கிண்ணத்துக்குப் போகவேண்டும். மீனின் முள்ளை விரலால் தடவிப் பார்த்து எடுங்கள். எந்த மெசினும் அந்த விரலுக்கு ஈடாகாது. முட்டை நன்றாக அவிந்திருக்கவேண்டும். பப்பாசிப்பழத்தைக் கரண்டியால் மசித்துக் கூடவே கொடுத்தால் கீரையிலுள்ள இரும்பு உடம்பில் சேரும். தேத்தண்ணியோ அதைச் சேரவிடாது.

முன்பு நான்கு மாதத்திலேயே தொடங்கச் சொன்னார்கள். 2001 முதல் உலக சுகாதார ஸ்தாபனம் சொல்வது, ஆறு மாதம் நிறையும்வரை தாய்ப்பால் மட்டுமே என்பது. அதன்பின் இரண்டு மூன்று மேசைக்கரண்டியில் தொடங்கி, எட்டு ஒன்பது மாதத்தில் அரைக் கோப்பைக்கு வரலாம். அந்த வயதில் அரிதட்டையும் விட்டுவிட்டுக் கையால் மசியுங்கள். சிறு கட்டிகள் இருந்தால்தான் பிள்ளை மெல்லப் பழகும். இரண்டு வயதுக்கு அப்பாலும் பால் கொடுக்கலாம். குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டில் சமைத்த உணவை இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வைத்துக் கொடுக்கவேண்டாம். மிச்சத்தை மூத்த பிள்ளை சாப்பிடட்டும்.

இனி உதவி செய்ய வருவோரிடம் ஒரு வார்த்தை. நாம் இருந்த முகாமொன்றில் ஒரு முறை லொறியிலிருந்து பால்மா ரின்களும் சூப்பிப் போத்தல்களும் இறங்கின. போத்தலை அவிக்க விறகு இல்லை. குடிதண்ணீர் வவுசரில் வந்தது, அதுவும் வரிசையில் நின்றுதான். சில நாட்களில் வயிற்றோட்டம் தொடங்கியது. பால்மாவை விளம்பரப்படுத்தவும் இலவசமாகக் கொடுக்கவும் கட்டுப்பாடு வேண்டுமென்று 1981 இலேயே சர்வதேச விதிக்கோவை ஒன்று வந்துவிட்டது. அதைப் படித்தவர்கள் அந்த லொறியில் இருக்கவில்லைப் போலும். 2022 இல் பால்மாவுக்கு வரிசையில் நின்றபோதும், விலையைக் கேட்டுத் திரும்பியபோதும், ரின்னை நம்பிய வீடுகளே அதிகம் தவித்தன.

அடுத்த வெள்ளத்துக்கோ புயலுக்கோ சாமான் கட்டும்போது, கைக்குழந்தை உள்ள குடும்பத்துக்கு ஒரு மூடியுள்ள சட்டி, ஒரு அரிதட்டு, ஒரு அகப்பை, பயறும் பருப்பும், ஒரு கட்டு விறகு வையுங்கள். தாய்க்கும் ஒரு வேளைச் சாப்பாடு கூடுதலாக வையுங்கள். கிராமச் சங்கங்களும் இந்தக் கணக்கை இப்போதே எழுதி வைக்கலாம். மாரி தொடங்கிய பின் எழுத நேரம் இராது.