அயலாரின் உறக்கமும் நமது ஜெனரேட்டரும்



இங்கே கலிபோர்னியாவில் கோடை விடுமுறை நெருங்குகிறது. நம் சபையில் மூன்று குடும்பத்தார் இவ்வாண்டு காரின் பின்னே இழுத்துச் செல்லும் டிரெய்லர் வாங்கியிருக்கிறார்கள். ஆராதனை முடிந்தபின் மூவரும் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "பாஸ்டர், எவ்வளவு பெரிய ஜெனரேட்டர் வாங்கலாம்?"

பெரியது வேண்டாம் என்பதே என் கருத்து.

சில ஆண்டுகளுக்குமுன் நானும் பெரியதே நல்லது என்று எண்ணி, கட்டட வேலை நடக்கும் இடங்களில் காண்கிற உறையில்லாத ஜெனரேட்டர் ஒன்றை மலிவாக வாங்கினேன். யோசெமிட்டி பள்ளத்தாக்கில் அதை இயக்கிய முதல் மாலையில், பக்கத்துக் கூடாரத்திலிருந்த மூதாட்டி தம் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போய்விட்டார். ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அமெரிக்க தேசியப் பூங்காக்களில் 50 அடி தொலைவில் 60 டெசிபெலுக்குமேல் ஒலி எழக்கூடாது என்பது விதி என்று பின்னர்தான் அறிந்தேன்.

உண்மையில் நமக்குத் தேவை எவ்வளவு? விளக்குகளும் தண்ணீர்ப் பம்பும் பேட்டரியில் இயங்குகின்றன. பல டிரெய்லர்களில் குளிர்பெட்டி எரிவாயுவிலேயே ஓடும். பேட்டரிக்கு மின்னேற்ற, 2,200 வாட் என்று எழுதிய சிறிய இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் தாராளம். அது தொடர்ந்து தருவது 1,800 வாட். எடை ஏறத்தாழ 21 கிலோ. சிக்கல் ஏசியில்தான். 13,500 பிடியு ஏசி ஓடும்போது இழுப்பதைப்போல் இரு மடங்கு மின்சாரத்தைத் தொடங்கும் கணத்தில் கேட்கும். அதற்கு 'சாஃப்ட் ஸ்டார்ட்' கருவியைப் பொருத்தலாம். அல்லது இரண்டு சிறிய ஜெனரேட்டர்களை இணைக்கலாம். ஒவ்வோர் ஆயிரம் அடி உயரத்துக்கும் ஏறத்தாழ 3.5 விழுக்காடு ஆற்றல் குறையும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். 8,600 அடி உயரத்திலுள்ள டுவாலமி புல்வெளியில் 30 விழுக்காடு போய்விடும். நல்லவேளை, அங்கே ஜூலை இரவிலும் போர்வையைத்தான் தேடுவோம்.

இரவெல்லாம் ஏசி என்ற ஆசையையும் விட்டுவிடுங்கள். யோசெமிட்டி முகாம்களில் காலை 7 முதல் 9 வரை, நண்பகல் 12 முதல் 2 வரை, மாலை 5 முதல் 7 வரை மட்டுமே ஜெனரேட்டருக்கு அனுமதி. இவ்விதியைக் கெடுபிடி என்பவர்கள் உண்டு. அந்த மூதாட்டியைக் கண்டபின் நான் அப்படிச் சொல்வதில்லை.

இன்னொன்றைச் சொல்ல எனக்கு வெட்கமே; ஆயினும் சொல்லவேண்டும். அடுத்த பயணத்தில் மழை வந்ததால் ஜெனரேட்டரை நகர்த்தி, டிரெய்லரின் பின் ஜன்னலருகே வைத்தேன். உள்ளே என் மகள் உறங்கிக்கொண்டிருந்தாள். சற்று நேரத்தில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி அலறியது. அந்த வாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை, உறங்குகிறவர் விழிக்கமாட்டார். அந்தக் கருவி பழுதாயிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று இன்றும் நினைக்க அஞ்சுகிறேன். ஆகவே, கதவு ஜன்னல்களிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி வையுங்கள். புகைவாய் உங்கள் பக்கமும் இருக்கலாகாது, அயலார் கூடாரத்தின் பக்கமும் இருக்கலாகாது. மழை பெய்தால் நிறுத்திவிடுங்கள். எச்சரிக்கைக் கருவியின் பின்புறம் காலாவதித் தேதி இருக்கும், இன்றே பாருங்கள்.

வாங்குமுன் என்னிடமுள்ள சிறிய ஜெனரேட்டரை ஒரு வாரயிறுதி எடுத்துச் சென்று பாருங்கள். திருப்பித் தரும்போது பெட்ரோலை மட்டும் வடித்துவிடுங்கள். போன குளிர்காலத்தில் தேங்கிய பெட்ரோலால் கார்புரேட்டர் அடைத்து, அதைக் கழுவ எனக்கு ஒரு சனிக்கிழமை முழுவதும் ஆயிற்று.