வரிசையில் முந்தும் தகுதி

பயணியின் பின்னணியை முன்கூட்டியே சரிபார்த்து வைத்துக்கொண்டு, அவர் புறப்படும் நாளில் சோதனையைச் சுருக்கி அனுப்பிவைக்கும் முறை திருவனந்தபுரம் விமான நிலையத்தில் 2025 செப்டம்பர் 11 அன்று நடைமுறைக்கு வந்தது. ஒன்றிய உள்துறை அமைச்சர் அமித் ஷா அன்று திருச்சிராப்பள்ளி, கோழிக்கோடு, லக்னோ, அமிர்தசரஸ் ஆகிய நிலையங்களுடன் சேர்த்துத் தொடங்கிவைத்த இந்த ‘விரைவுக் குடியேற்றச் சோதனை - நம்பகப் பயணியர் திட்டம்’, 2024 ஜூன் 22 அன்று டெல்லியின் மூன்றாம் முனையத்தில் முதன்முதலாக அறிமுகமாகி, 2025 ஜனவரி 16 அன்று சென்னை, கொச்சி, பெங்களூரு, மும்பை உள்ளிட்ட ஏழு நிலையங்களுக்குப் பரவியிருந்தது. இந்நாட்டில் வரிசையில் முந்திச் செல்லும் தகுதி நெடுங்காலமாகப் பதவியாலும் பணத்தாலும் கிடைத்துவந்திருக்கிறது. சாதாரணக் குடிமகன் விண்ணப்பித்துக் கட்டணமின்றிப் பெறக்கூடிய ஒன்றாக அது மாறியிருப்பதே இத்திட்டத்தின் முக்கியத்துவம். அந்தத் தகுதி உண்மையில் யார் கைக்கு எட்டுகிறது என்பதைக் கொண்டே திட்டத்தை மதிப்பிட வேண்டும்.

விமான நிலையத்தில் பயணி கடக்கும் சோதனைகள் ஒன்றல்ல, இரண்டு என்பதைத் தொடக்கத்திலேயே பிரித்துக் காண்பது அவசியம். ஆயுதமோ வெடிபொருளோ விமானத்துக்குள் போகாமல் தடுப்பது பாதுகாப்புச் சோதனை; சி.ஐ.எஸ்.எஃப். எனப்படும் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினர் கைப்பையை ஊடுகதிர்க் கருவியில் செலுத்தியும், கையடக்க உலோகமறி கருவியால் உடலைத் தடவியும், பெண்களைத் திரையிட்ட தடுப்புக்குள் தனியாகவும் சோதிப்பது இதுவே. பாஸ்போர்ட்டும் விசாவும் செல்லுபடியாகின்றனவா, நாட்டைவிட்டு வெளியேற அந்நபருக்குத் தடையேதும் உண்டா என்று பார்ப்பது குடியேற்றச் சோதனை; பயணிகள் வழக்கில் ‘இமிகிரேஷன்’ என்றே சொல்லும் இப்பணி உள்துறை அமைச்சகத்தின் கீழுள்ள குடியேற்றப் பணியகத்தைச் சேர்ந்தது. புதிய திட்டம் சுருக்குவது இரண்டாவதை மட்டுமே என்பதால், நம்பகப் பயணியாகப் பதிவு பெற்றவரும் பாதுகாப்புச் சோதனையில் எல்லோரையும் போலத் தட்டில் மடிக்கணினியை எடுத்துவைத்து, மேடைமேல் ஏறிக் கைகளை விரித்து நின்றுதான் ஆகவேண்டும்.

விண்ணப்பிக்கும் முறை சிக்கலற்றது. இந்தியக் குடிமக்களும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு வழங்கப்படும் ஓ.சி.ஐ. அட்டை உடையோரும், குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டின் நகல், புகைப்படம், முகவரிச் சான்று ஆகியவற்றை உள்துறை அமைச்சகத்தின் இணையதளத்தில் பதிவேற்ற வேண்டும். பின்னணிச் சரிபார்ப்பு முடிந்து ஒப்புதல் கிடைத்தபின், வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்திலோ திட்டம் செயல்படும் விமான நிலையத்திலோ குறித்த நேரத்துக்குச் சென்று விரல்ரேகையையும் முகப்பதிவையும் தரவேண்டும். அதன்பின் பயண நாளில் மின்வாயில் எனப்படும் தானியங்கிக் கதவின் முன் நின்று பாஸ்போர்ட்டையும் போர்டிங் பாஸையும் வருடியில் வைத்தால் முதற்கதவு திறக்கும். உள்ளே நின்று கேமராவைப் பார்த்தால் முகம் பதிவோடு ஒத்துப்போனதும் அடுத்த கதவு திறக்கும். இவ்வளவும் அரை நிமிடத்தில் முடிந்துவிடும் என்பது அரசின் கணக்கு. பதிவு ஐந்தாண்டுக்கோ பாஸ்போர்ட் காலாவதியாகும்வரையோ, இவற்றில் எது முந்துகிறதோ அதுவரை செல்லும். கட்டணம் இல்லை என்பது சிறப்பாகப் பாராட்டத்தக்கது.

கட்டணமின்மையின் அருமை, இதற்கு முன் வரிசையில் முந்தியவர்கள் யார் என்று எண்ணிப்பார்க்கும்போது விளங்கும். விமானம் ஏறுமுன் செய்யப்படும் பாதுகாப்புச் சோதனையிலிருந்து விலக்குப் பெற்றோர் பட்டியல் ஒன்று இந்திய விமான நிலையங்களில் உண்டு. குடியரசுத் தலைவர், பிரதமர், தலைமை நீதிபதி, ஆளுநர்கள், முதலமைச்சர்கள் எனப் பதவி வரிசையில் அது நீள்கிறது. பதவி ஏதுமில்லாத ஒருவரின் சொந்தப் பெயரும் அதில் இடம்பெற்றிருந்து, பலத்த விமர்சனத்துக்குப் பிறகு 2015-ல் நீக்கப்பட்டது. நாட்டின் உயர்பதவியில் இருப்போருக்குச் சில நடைமுறை விலக்குகள் தேவைப்படலாம் என்பதை ஏற்றுக்கொண்டாலும், பதவியை நம்பகத்துக்கு அளவுகோலாகக் கொள்வது குடியரசின் இயல்புக்குப் பொருந்துவதன்று. மற்றொரு வழி பணம்: உயர்வகுப்புப் பயணச்சீட்டு, தனி வரவேற்புச் சேவை, கட்டணம் செலுத்திப் பெறும் முன்னுரிமை வரிசை ஆகியவை நாட்டின் பெரிய நிலையங்களில் சாதாரணமாகிவிட்டன. உணவகத்திலும் இருக்கையிலும் பணத்துக்கேற்ற வேறுபாடு இருப்பது வணிகம்; சீருடை அணிந்த அரசுக் காவலர் முன் நிற்கும் வரிசையில் அதே வேறுபாடு நுழையும்போது அரசின் கடமையொன்று விலைப்பொருளாகிறது.

பாதுகாப்புச் சோதனையையே சுருக்கும் முன்சரிபார்ப்புத் திட்டத்துக்கு அமெரிக்காவின் ‘பிரீசெக்’ முதன்மையான எடுத்துக்காட்டு. 2001-ல் காலணிக்குள் வெடிமருந்து வைத்து வந்தவனின் முயற்சியும், 2006-ல் லண்டனில் வெளிப்பட்ட திரவ வெடிபொருள் சதியும் அங்கே எல்லாப் பயணியரையும் காலணி கழற்றவும் திரவங்களைத் தனியே எடுத்துவைக்கவும் செய்தன. எல்லோரையும் ஒரே ஐயத்தோடு நோக்குவதைவிட, தாமாக முன்வந்து விரல்ரேகை கொடுத்துப் பின்னணி ஆய்வுக்கு உட்பட்டோரைப் பிரித்தனுப்பி, எஞ்சியோர் மீது கவனத்தைக் குவிப்பதே அறிவுடைமை என்ற கருத்தின்மேல் 2011 அக்டோபரில் இத்திட்டம் எழுந்தது. ஐந்தாண்டுக்குக் கட்டணம் எண்பது டாலரை ஒட்டி அமைகிறது. அமெரிக்கக் குடிமக்களும் நிரந்தர வசிப்புரிமை பெற்றோருமே நேரடியாகச் சேரலாம். தொழில் விசாவில் அங்கு வாழும் தமிழரும் மலையாளிகளும் அதன் பயனைப் பெற வேண்டுமானால், 2017 முதல் இந்தியக் குடிமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட ‘குளோபல் என்ட்ரி’ என்னும் எல்லைச் சோதனைத் திட்டத்தின் வழியாகத்தான் வரவேண்டும். அதற்கு நம் பாஸ்போர்ட் சேவை இணையதளத்திலும் தனியே பின்னணிச் சரிபார்ப்புக்கு விண்ணப்பித்தாக வேண்டும், அமெரிக்க அரசுக்குச் செலுத்தும் கட்டணமும் 2024 அக்டோபரிலிருந்து 120 டாலர்.

இந்த வரலாற்றில் கவனிக்கத்தக்க செய்தி பின்னால் வருகிறது. பிரீசெக் பயணியரின் தனிச்சலுகையாகக் கருதப்பட்ட காலணி கழற்றாமை, 2025 ஜூலையில் அங்கே எல்லாப் பயணியருக்கும் பொதுவாக்கப்பட்டது. கருவிகளும் நடைமுறையும் மேம்பட்டபோது, விண்ணப்பித்தோருக்கு மட்டும் கிடைத்த எளிமை விண்ணப்பிக்காதோருக்கும் வந்து சேர்ந்தது. இந்தியாவிலும் இத்தகைய மாற்றம் நிகழ்ந்திருக்கிறது: கைப்பையில் கட்டிய அட்டையில் சி.ஐ.எஸ்.எஃப். காவலர் முத்திரை குத்தும் வழக்கம், கண்காணிப்புக் கேமராக்கள் சீரானதைத் தொடர்ந்து 2017 ஏப்ரலில் ஏழு பெரிய நிலையங்களிலும், சில வாரங்களில் திருவனந்தபுரம், சென்னை உள்ளிட்ட மேலும் சிலவற்றிலும் கைவிடப்பட்டது. அட்டையைத் தொலைத்துவிட்டு மீண்டும் வரிசையின் கடைசிக்கு ஓடிய பயணியின் அலைச்சல், எவரும் விண்ணப்பிக்காமலே அன்றோடு தீர்ந்தது. விரைவுத் திட்டங்களைத் தீட்டுவோர் இந்தச் சிறிய சீர்திருத்தத்தை மறக்கலாகாது.

விரைந்து செல்லும் தகுதி யார் கைக்கு எட்டுகிறது என்ற கேள்வியைத் திருவனந்தபுரம் நிலையத்தின் இயல்பு கூர்மையாக்குகிறது. 1932-ல் பறக்கும் மன்றமாகத் தொடங்கி, 1991 தொடக்கத்தில் பன்னாட்டு நிலையமாக அறிவிக்கப்பட்டு, 2021 அக்டோபரிலிருந்து அதானி குழுமத்தின் நிர்வாகத்தில் இயங்கும் இந்நிலையம், ஊருக்கு வெளியே ஒதுங்கி நிற்பதன்று. ஸ்ரீவராகம், வள்ளக்கடவு, சாக்கை, சங்குமுகம் ஆகிய பழைய குடியிருப்புகளின் நடுவே அது கிடக்கிறது. ஐப்பசியிலும் பங்குனியிலும் பத்மநாபசுவாமி ஆராட்டு ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்து கடலுக்குச் செல்லும் மாலைகளில், முன்னறிவிப்போடு சில மணி நேரம் விமானங்கள் நிறுத்தப்படுகின்றன. ஊர்மக்களின் வாழ்க்கைக்கு இவ்வளவு இடம் கொடுத்துப் பழகிய நிலையம், தன் பயணியர் யாவர் என்பதையும் அறிந்து நடப்பது இயல்பாக எதிர்பார்க்கத்தக்கது.

அந்தப் பயணியருள் பெரும்பகுதியினர் வளைகுடா நாடுகளுக்குச் செல்வோர். துபாய், ஷார்ஜா, அபுதாபி, மஸ்கட், தோஹா, குவைத், தம்மாம் எனப் புறப்படும் விமானங்களில் கொல்லம், பத்தனம்திட்டா மாவட்டத்தாரோடு, 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்த கன்னியாகுமரி மாவட்டத்தாரும் ஏறுகின்றனர். நாகர்கோவிலுக்கும் மார்த்தாண்டத்துக்கும் மதுரையைவிடத் திருவனந்தபுரமே அருகிலுள்ள பன்னாட்டு நிலையம். கட்டுமானத் தொழிலாளர், ஓட்டுநர், செவிலியர், வீட்டுப் பணியாளர் ஆகிய இவர்கள் ஆண்டுக்கோ ஈராண்டுக்கோ ஒருமுறை வந்துபோகின்றனர். ஆங்கிலத்தில் அமைந்த இணையப் படிவத்தை நிரப்பி, ஒப்புதலுக்குக் காத்திருந்து, விரல்ரேகைக்கு மற்றொரு நாள் வந்துபோவது மாதம் இருமுறை பறக்கும் நிறுவன அதிகாரிக்குச் சிறு வேலை. முப்பது நாள் விடுப்பில் வந்து வீட்டுக் கூரை, தங்கை திருமணம், வங்கிக் கடன் என்று ஓடிக்கொண்டிருக்கும் தொழிலாளிக்கு அது எளிதில் கைகூடாது. விமான நிலையத்திலேயே பதிவு செய்துகொள்ளலாம் என்ற ஏற்பாடு ஓரளவு உதவும் என்றாலும், ஒப்புதல் முன்னதாகவே கிடைத்திருந்தால்தான் அதற்கும் பயன்.

இவர்களுள் ஒரு பகுதியினருக்கு மற்றொரு தடையும் உண்டு. 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, பத்தாம் வகுப்புத் தேறாதோர் பெரும்பாலும் ‘ஈ.சி.ஆர்.’ வகைப் பாஸ்போர்ட்டையே பெறுகின்றனர். அதாவது வளைகுடா நாடுகளும் மலேசியாவும் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லுமுன் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி அவர்களுக்குத் தேவை. ஏமாற்று முகவர்களிடமிருந்து தொழிலாளரைக் காக்கும் நோக்கில் உருவான இவ்விதியால், குடியேற்ற மேசையில் அதிகாரியின் நேரடிக் கேள்விகளுக்கு மிகுதியாக ஆளாவோர் கல்வியில் பின்தங்கியவர்களே. விசாவின் வகை என்ன, அழைத்தது எந்த நிறுவனம், சம்பளம் எவ்வளவு என்று அதிகாரி கேட்க, ஆவணங்கள் அடங்கிய நெகிழி உறையைப் பிரித்துப் பிரித்துக் காட்டிக்கொண்டிருப்பவரின் பின்னால் வரிசை தேங்குகிறது. பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி அரசின் கணினியில் ஏற்கெனவே பதிவாகியிருப்பது. அதை முன்சரிபார்ப்பாகவே ஏற்று, அத்தகைய தொழிலாளரை விரைந்து அனுப்பும் வழியைக் காண்பது, அடிக்கடி பறப்போருக்கு அரை நிமிடக் கதவைத் திறந்துவிடுவதைவிடப் பெரிய உதவியாகும்.

தரவு பற்றிய ஐயங்களையும் புறந்தள்ள இயலாது. 2022 டிசம்பர் 1 அன்று டெல்லி, பெங்களூரு, வாரணாசியில் தொடங்கி இன்று திருவனந்தபுரத்திலும் இயங்கும் ‘டிஜியாத்ரா’, முகத்தை அடையாளமாகக் கொண்டு நிலையத்துக்குள்ளும் பாதுகாப்புச் சோதனைப் பகுதிக்குள்ளும் அனுமதிக்கும் செயலி. அதை நடத்தும் அறக்கட்டளையில் இந்திய விமான நிலைய ஆணையத்துக்கு 26 விழுக்காடும், எஞ்சியது கொச்சி உள்ளிட்ட ஐந்து விமான நிலைய நிறுவனங்களுக்கும் உரியது. பயணியின் தரவு அவரது கைபேசியிலேயே இருக்கும், நிலையத்தின் கணினியிலிருந்து 24 மணி நேரத்தில் அழிக்கப்படும் என்பது அதன் உறுதிமொழி. நம்பகப் பயணியர் திட்டமோ விரல்ரேகையையும் முகத்தையும் அரசிடமே நெடுங்காலம் ஒப்படைப்பது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறியிருந்தாலும், நாட்டின் பாதுகாப்பு போன்ற காரணங்களுக்காக அரசு அறிவிக்கும் அமைப்புகளுக்கு அது விலக்களிக்கிறது. விண்ணப்பம் மறுக்கப்பட்டால் காரணம் சொல்லப்படுவதும், மேல்முறையீட்டைக் குறித்த நாளுக்குள் முடிப்பதும், பதிவைத் திரும்பப் பெற்றுத் தரவை அழிக்கக் கோருவதும் குடிமகனின் உரிமைகளாக எழுத்தில் அமைய வேண்டும். அமெரிக்க எல்லைத் திட்டங்களில் மறுபரிசீலனை கோருவதற்கென ஒரு குறைதீர் அலுவலர் இருக்கிறார். ஒருமுறை மறுக்கப்பட்டவர் ‘நம்பத்தகாதவர்’ என்ற நிழலோடு ஒவ்வொரு பயணத்திலும் நடத்தப்படாதிருக்க இங்கும் அத்தகைய ஏற்பாடு தேவை.

மின்வாயில்கள் வந்ததால் விடுபடும் அதிகாரிகளைப் பொது மேசைகளுக்கு அனுப்புகிறார்களா, அல்லது மேசைகளையே குறைத்துவிடுகிறார்களா என்பதில்தான் விண்ணப்பிக்காத பெரும்பான்மையினரின் நலன் அடங்கியிருக்கிறது. ஒவ்வொரு நிலையத்திலும் பொது வரிசையில் காத்திருக்கும் நேரத்தை மாதந்தோறும் அளந்து வெளியிட்டால், திட்டம் எல்லோரின் சுமையையும் குறைத்ததா, சிலரின் சுமையை ஏனையோர் தோளுக்கு மாற்றியதா என்பது எவருக்கும் தெரிந்துவிடும். பதிவைத் தொழிலாளரிடம் கொண்டுசேர்க்க இவ்வூரிலேயே வழியும் இருக்கிறது. கேரள அரசின் நோர்க்கா ரூட்ஸ் நிறுவனம் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு, வெளிநாடு செல்வோருக்குப் புறப்படும் முன் பயிற்சி வகுப்புகளை நடத்திவருகிறது. குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகமும் இதே நகரில் உண்டு. அந்த வகுப்பிலேயே மலையாளத்திலும் தமிழிலும் படிவத்தை நிரப்ப உதவும் ஒரு மேசையையும், விரல்ரேகை எடுக்கும் ஒரு கருவியையும் வைத்துவிட்டால், வேலைக்குப் புறப்படும் தொழிலாளி தன் முதற்பயணத்திலேயே அந்தக் கதவின் வழியாகச் செல்லலாம். நாகர்கோவிலில் மாதம் ஒருநாள் இதே மேசையைப் போடுவதற்குத் தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத்துறை ஆவன செய்யலாம்.