கலைமானின் உடற்கூறு தமிழுக்கு எட்டாததா?

ஆண்மானின் விரையை மெல்லிதாய் அரிந்து நுண்ணோக்கியில் கண்டதைத் தமிழில் எழுதவொண்ணாது என்பார் உளர். அவருள் தமிழால் சோறுண்பாரும் உளர்! சொல் இல்லை என்பது அவர் கூறும் முதல் ஏது; இருக்குஞ் சொல்லும் கூச்சந் தருவது என்பது இரண்டாவது. இரண்டும் பொய் என்பதை மானே காட்டும்.

முதுமலையில் மேயும் புள்ளிமான் கூட்டத்தைப் பாருங்கள். ஒரு கலைக்கு மருப்பு முற்றியிருக்கும். மற்றொன்றுக்கு மயிர்த்தோல் போர்த்து வளர்ந்துகொண்டிருக்கும். வேறொன்று மருப்பை உதிர்த்து நிற்கும். இவ்வேறுபாட்டின் வேர் விரைக்குள் உள்ளது. அதனுள் சுருண்டு கிடப்பன விந்தாக்க நுண்குழல்கள். குழலின் சுவரோரத்துத் தாயணுக்கள் பிரிந்து பிரிந்து உட்புறம் நகர்ந்து, வாலுடைய விந்தணுக்களாகி நடுவெளியை அடைகின்றன. அவற்றைத் தாங்கி ஊட்டுவன, 1865-இல் இத்தாலிய அறிஞர் செர்த்தோலி கண்டுரைத்த உயிரணுக்கள். குழல்களுக்கு இடையே, 1850-இல் செருமானிய அறிஞர் இலைடிகு கண்டுரைத்தவை ஆண்மை இயக்குநீரைச் சுரக்கின்றன. அந்நீர் மிகுங்கால் மருப்பு முற்றி மயிர்த்தோல் உரியும்; குறையுங்கால் மருப்பு உதிரும். ஐரோப்பிய உரோ மானுக்கோ, பனிக்காலத்தில் விரையே சுருங்கி விந்தாக்கம் நின்றுபோம்.

இதில் எவ்வரி விளங்கவில்லை? ஊட்டி வளர்க்கும் உயிரணுவைச் செவிலியணு என்றால், அகப்பொருள் பயின்ற தமிழ்ச் சிறுவனுக்கு உரையும் வேண்டுமோ? ‘செமினிபெரசு’ என்பதற்கு இலத்தீனில் வித்தைச் சுமப்பது என்பதே பொருள். ‘எபிடிடிமிசு’ என்பதற்குக் கிரேக்கத்தில் விரைமேல் உள்ளது என்பதே பொருள். அயலான் தன் சொல்லால் பெயரிட்டால் அறிவியல். தமிழன் தன் சொல்லால் பெயரிட்டால் கொச்சையோ? ஆண்மானை இரலை, கலை என்றும் பெண்மானைப் பிணை என்றும் தொல்காப்பிய மரபியல் வகுத்தது. காளைக்கு விரையடித்ததைக் கொங்கு உழவன் கூசாமல் கூறுவான். கூச்சமெல்லாம் படித்தவனுக்கே!

யாழ்ப்பாணத்தில் மருத்துவர் கிரீன் 19ஆம் நூற்றாண்டிலேயே உடற்கூற்று நூலைத் தமிழில் தந்தார். அதில் வடசொல் மிகுதி. ஆயினும் ‘முடியாது’ என்று அவர் கைகட்டி நிற்கவில்லை. தமிழ்வழிப் பட்டப்படிப்புக்கு 1960-இல் வாயில் திறந்ததும் கோவை அரசு கலைக்கல்லூரியே. 2010-இல் செம்மொழி மாநாடு கண்டதும் இக்கோவையே. காந்திபுரத்தில் 2025-இல் செம்மொழிப் பூங்காவும் மலர்ந்தது. மருத்துவ நுழைவுத் தேர்வைத் தமிழில் எழுத 2017 முதல் வழியுண்டு. இருந்தும் என்? பூங்காவின் பெயரில் தமிழ். பயிற்சிக்கூடத்துப் பிள்ளையின் நாவில் பொருள் விளங்கா ஆங்கில உருப்பாடம்!

குறை நம்மிடமும் உண்டு. ஒரு நூலில் விரை, மற்றொன்றில் விந்தகம், வேறொன்றில் விதைப்பை. விதைப்பை என்பது விரையைத் தாங்கும் புறப்பையன்றோ? உறையையும் வாளையும் ஒரு சொல்லால் அழைத்தால் மாணவன் மயங்கானா? சொல்லாக்கியோர் கூடி, ஒரு பொருளுக்கு ஒரு சொல் என உறுதி செய்தல் வேண்டும்.

அதுகாறும் ஆசிரியர் வாளா இருத்தல் தகாது. நாளையே கரும்பலகையில் அந்நுண்குழலை வரைக. உறுப்புதோறும் தமிழ்ப்பெயர் எழுதுக. நாணாது உரக்கச் சொல்லுக. சொல்ல நாணும் மொழி சாகும். சொல்லத் துணியும் மொழியே வாழும்!