நம்பர் ஒரு பாகத்தில், சாட்சி இன்னொரு பாகத்தில்! கைமாறிய கைத்துப்பாக்கி யாருடையது?

"பாகம் பாகமாகப் பெட்டியில் போட்டு விற்றால் அது துப்பாக்கி ஆகுமா?"

அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு முன்பு வந்த கேள்வி இது. 2025-ம் ஆண்டு மார்ச் 26-ந் தேதி பதில் கிடைத்தது. "சட்டென்று பூட்டிச் சுடக்கூடிய பெட்டியாக இருந்தால் அதுவும் துப்பாக்கிதான்" என்று 7 நீதிபதிகள் சொன்னார்கள். 2 பேர் ஒத்துக்கொள்ளவில்லை.

விவகாரம் இதுதான். நம்பர் இல்லாத பாகங்களை விலைக்கு வாங்கி, வீட்டில் வைத்தே பூட்டிக்கொள்ளும் வழக்கம் அந்த நாட்டில் பரவிவிட்டது. அப்படிச் செய்த பிஸ்டல் போலீசார் கையில் சிக்கினால், செய்தவர் யார், விற்றவர் யார், ஒன்றும் புரியாது. "பேய்த் துப்பாக்கி" என்றே அங்கு பெயர். அந்தப் பெட்டிகளுக்கும் நம்பர் போட வேண்டும், வாங்குகிற ஆளை விசாரித்துத்தான் கொடுக்க வேண்டும் என்று 2022-ல் மத்திய அரசு விதி போட்டது. கம்பெனிகள் வழக்குப் போட்டன. கடைசியில் ஜெயித்தது அரசுத் தரப்பு.

ஜெயித்தது சரி. ஆனால் இதெல்லாம் கடையிலிருந்து புதுசாக வெளியே வரும் சரக்குக்கு. ஏற்கெனவே நாலு கை மாறி, குழலை மாற்றி, சுத்தியை மாற்றி ஊருக்குள் ஓடிக்கொண்டிருக்கிற செகண்ட்ஹேண்ட் பிஸ்டல்களின் கதை வேறு. அதைக் கையில் வைத்துக்கொண்டு "இது இன்ன துப்பாக்கி" என்று அடித்துச் சொல்வது லேசான காரியம் அல்ல. நம்பர் இருந்தாலும் அப்படித்தான்!

எஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பர்

பழைய ஸ்கூட்டர் வாங்கப் போகிறவர் ஆர்.சி. புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, குனிந்து எஞ்சின் நம்பரைப் பார்ப்பார். பிறகு சேசிஸ் நம்பரைப் பார்ப்பார். இரண்டும் ஒத்து வந்தால்தான் அட்வான்சு. எஞ்சின் மாறிய வண்டி என்றால் விலையும் இறங்கும், வாங்குகிறவர் முகமும் மாறும். புதுப்பேட்டைப் பக்கம் போய் வந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

துப்பாக்கிக்கு அமெரிக்க மத்தியச் சட்டம் கேட்பது ஒரே ஒரு நம்பர்தான். 1968-ம் ஆண்டுச் சட்டம் அது. பிஸ்டலில் விசை முதலிய உறுப்புகளைத் தாங்கி நிற்கும் உடல் பகுதிக்கு "பிரேம்" என்று பெயர். அதில் நம்பர் இருந்தால் போதும். குண்டு பாயும் குழல், மேலே முன்னும் பின்னும் ஓடும் "ஸ்லைடு", சுத்தி, ஸ்பிரிங் எல்லாம் அந்தச் சட்டத்தின் கண்ணுக்கு வெறும் உதிரிபாகம்!

கொலை நடந்த இடத்திலோ கதை தலைகீழ். அங்கே பிரேம் வாயைத் திறக்காது. குழலின் உள்ளே திருகு திருகாக வெட்டிய காடிகள் உண்டு. அவை குண்டின் மேல் கீறல் போட்டு அனுப்புகின்றன. தோட்டாவின் பித்தளைக் கூட்டில் ஊசி குத்திய குழி விழும். பின்பக்க இரும்பு முகத்தின் தழும்பும் விழும். பிஸ்டலாக இருந்தால் அந்த முகம் பெரும்பாலும் ஸ்லைடோடு சேர்ந்தது. ஆகவே சாட்சி சொல்வது குழலும் ஸ்லைடும். நம்பர் இருப்பது பிரேமில்.

மூன்றும் ஒன்றாகப் பிறந்து ஒன்றாகவே இருந்தால் தொல்லை இல்லை. பழைய துப்பாக்கியில் அந்த நம்பிக்கை கிடையாது. தேய்ந்துபோன குழலுக்குப் பதில் புதுக் குழல் போடுவதும், உடைந்த சுத்திக்குப் பதில் வேறு சுத்தி போடுவதும் நியாயமான ரிப்பேர் வேலைதான். யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் போட்டவர் சீட்டு எழுதி வைப்பதில்லை.

ஐரோப்பிய நாடுகள் இந்த விஷயத்தில் கொஞ்சம் முன்ஜாக்கிரதை. அங்குள்ள கூட்டுச் சட்டம் பிரேம், குழல், ஸ்லைடு, ரிவால்வரின் உருளை ஆகிய எல்லாவற்றையும் "முக்கிய உறுப்பு" என்று கணக்கில் வைக்கிறது. ஜெர்மனியின் பழைய லூகர் பிஸ்டலை எடுத்தால், சின்னச் சின்ன உறுப்பில்கூட முழு நம்பரின் கடைசி இரண்டு இலக்கம் குத்தியிருக்கும். எல்லாம் ஒத்திருந்தால் பழம்பொருள் சேர்ப்பவர்கள் கொட்டிக் கொடுப்பார்கள். ஒன்று மாறினாலும் விலை சரியும்.

விலை சரிகிறது என்றால் சும்மா இருப்பார்களா? பழைய இலக்கத்தைத் தேய்த்துவிட்டு, ஒத்து வருகிற மாதிரி புது இலக்கத்தைக் குத்தி விற்கும் கில்லாடிகளும் உண்டு! அதனால் விவரம் தெரிந்தவர் நம்பரைப் படிப்பதோடு விடமாட்டார். எழுத்தின் வடிவம் அந்தத் தொழிற்சாலையுடையதா, ஆழம் ஒரே மாதிரி இருக்கிறதா, இரும்பின் நீலச் சாயம் அந்த இடத்தில் மட்டும் வெளுத்திருக்கிறதா, தேய்மானம் எல்லா உறுப்பிலும் ஒரே வயதைக் காட்டுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். சுத்தமாகத் தேய்த்த நம்பரைக்கூட ரசாயனக் கூடத்தில் அமிலம் தடவி எழுப்புவது உண்டு. குத்தும்போது அடியில் உள்ள உலோகமும் நசுங்கிவிடுவதால் அது நடக்கிறது.

உயிரைக் குடித்த சுத்தி

இதெல்லாம் வியாபாரத் தகராறு என்று நினைத்துவிட வேண்டாம். பழைய துப்பாக்கியில் மாற்றிய ஒரு சுத்தி, இரண்டு மனிதரை மின்சார நாற்காலிக்கு அனுப்பிய வழக்கில் முக்கிய சாட்சியாக நின்றது.

1920-ம் ஆண்டு ஏப்ரல் 15-ந் தேதி. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம், சவுத் பிரெயின்ட்ரீ என்ற ஊர். செருப்புக் கம்பெனிச் சம்பளப் பணம் 15 ஆயிரத்து 776 டாலரை எடுத்துக்கொண்டு இரண்டு ஊழியர்கள் தெருவில் நடந்து போனார்கள். பட்டப்பகலில் இருவரையும் சுட்டுச் சாய்த்துவிட்டு, பணத்தோடு காரில் பறந்தது ஒரு கும்பல்.

மே 5-ந் தேதி டிராம் வண்டியில் இரண்டு இத்தாலியரைப் போலீசார் மடக்கினார்கள். செருப்புத் தொழிலாளி சாக்கோ, மீன் வியாபாரி வான்செட்டி. அரசாங்கமே கூடாது என்ற கொள்கைக்காரர்கள். இருவர் இடுப்பிலும் துப்பாக்கி! சாக்கோவிடம் .32 கோல்ட் பிஸ்டல். வான்செட்டியிடம் .38 ஹாரிங்டன் ரிச்சர்ட்சன் ரிவால்வர்.

"வான்செட்டியிடம் இருந்தது செத்துப்போன காவலாளியின் துப்பாக்கி. சுட்டபின் பறித்தது" என்றது அரசுத் தரப்பு. எப்படித் தெரியும்? நம்பரை வைத்துச் சொல்லவில்லை. காவலாளி சில வாரங்களுக்கு முன்பு பாஸ்டன் நகரக் கடையில் தன் ரிவால்வரை ரிப்பேருக்குக் கொடுத்திருந்தார். கடைத் தொழிலாளி கோர்ட்டில் வான்செட்டியின் ரிவால்வரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதில் புது சுத்தி போட்டிருக்கிறது" என்றார். அவ்வளவுதான்!

எதிர்த்தரப்பு நிபுணர்கள் விடவில்லை. சுத்தி புதுசே அல்ல, மற்ற உறுப்புகளைப்போலத்தான் தேய்ந்திருக்கிறது என்றார்கள். காவலாளி அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனதற்குக் கடைக் கணக்கில் ஒரு வரிகூட இல்லை. வான்செட்டி தரப்பில் வாங்கிய வழியைக் காட்டச் சாட்சிகளை வரிசையாகக் கொண்டுவந்தார்கள். ஒரு நண்பர் விற்றார், அவருக்கு இன்னொரு நண்பர் விற்றார், அவருக்கு மேய்ன் மாநிலத்து ஆள் ஒருவர் விற்றார் என்று சங்கிலி நீண்டது. ஆனால் பிடிபட்ட அன்று வான்செட்டி போலீசாரிடம் வேறு கதை சொல்லியிருந்தார். அந்தப் பொய் அவர் கழுத்தில் விழுந்த சுருக்கு. 1921 ஜூலை 14-ந் தேதி ஜூரிகள் "இருவரும் குற்றவாளிகள்" என்றார்கள்.

காணாமல் போன குழல்!

அடுத்து நடந்தது சினிமாவில் வைத்தால்கூட நம்பமாட்டார்கள்.

இறந்த இருவர் உடலிலும் எடுத்த குண்டுகள் மொத்தம் 6. அதில் 5 குண்டுகளில் கீறல் வலப்பக்கம் சுற்றியது. ஒன்றில் மட்டும் இடப்பக்கம். கோல்ட் பிஸ்டலின் குழல் இடப்பக்கம் சுற்றும் ரகம். ஆகவே வழக்கு முழுவதும் அந்த ஒற்றைக் குண்டின் தலையில் உட்கார்ந்தது.

மறு விசாரணை கேட்டு மனுப் போட்ட எதிர்த்தரப்பு, ஹாமில்டன் என்ற நிபுணரை அழைத்து வந்தது. 1923 கடைசியில் அவர் நீதிபதி தேயர் முன்னிலையில் சாக்கோவின் பிஸ்டலையும், ஒப்பிட்டுக் காட்டத் தான் கொண்டுவந்த இரண்டு புது கோல்ட் பிஸ்டல்களையும் மேஜை மேல் வைத்துப் பிரித்தார். விளக்கினார். மறுபடி பூட்டினார். புறப்படும்போது நீதிபதி, "மூன்றும் இங்கேயே இருக்கட்டும்" என்று நிறுத்திக்கொண்டார். அது நல்லதாகப் போயிற்று.

1924 பிப்ரவரியில் அரசு நிபுணர் வான் ஆம்பர்க் சாக்கோவின் பிஸ்டலைக் கையில் எடுத்தார். குழலுக்குள் பார்த்தார். திடுக்கிட்டார். துருப்பிடித்த பழைய குழல் இருக்க வேண்டிய இடத்தில் பளபளவென்று புதுக் குழல்! பழைய குழல், பக்கத்தில் இருந்த புது பிஸ்டலுக்குள் உட்கார்ந்திருந்தது.

மாற்றியது யார்? தற்செயலா, வேண்டுமென்றா? இரண்டு தரப்பும் ஒருவரை ஒருவர் கை காட்டின. நீதிபதி விசாரித்து, பழைய குழலைப் பழைய பிஸ்டலிலேயே போடச் சொன்னார். பழியை யார் தலையிலும் உத்தரவில் சுமத்தவில்லை.

அந்த நேரத்தில் சாக்கோவின் பிஸ்டல் எது என்று கேட்டால் என்ன பதில்? பிரேமில் இருந்த நம்பர் மாறவில்லை. நம்பரை மட்டும் பார்த்த குமாஸ்தா "எல்லாம் சரி" என்று கையெழுத்துப் போட்டிருப்பார். குண்டோடு பேச வேண்டிய குழலோ வேறு துப்பாக்கியில். யாரும் கவனிக்காமல் அந்தப் புதுக் குழலில் சோதனைக் குண்டு சுட்டிருந்தால், "இந்த பிஸ்டல் சுடவே இல்லை" என்று நிபுணரே மனசாட்சியோடு சொல்லியிருப்பார்!

1927-ல் கால்வின் காடர்டு என்ற நிபுணர், இரண்டு குண்டுகளைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கும் ஒப்பீட்டு மைக்ராஸ்கோப்பில் சோதித்தார். அந்த ஒற்றைக் குண்டு சாக்கோவின் பிஸ்டலில் சுட்டதே என்றார். அந்த ஆகஸ்டு 23-ந் தேதி இருவருக்கும் மரண தண்டனை நிறைவேறியது. 1961-லும் 1983-லும் நடந்த மறு சோதனைகளும் காடர்டு சொன்னதையே சொன்னன. அப்படியும் சண்டை ஓயவில்லை. "குண்டு ஒத்துப்போகிறது, சரி. ஆனால் அது உடலிலிருந்து எடுத்த அதே குண்டுதானா, நடுவில் யாராவது மாற்றினார்களா?" என்று கேட்பவர்கள் உண்டு. குழலே மாறிய வழக்கில் இந்தச் சந்தேகத்தைப் பைத்தியக்காரத்தனம் என்று தள்ளிவிட முடியாது. 1977-ல் மாநில கவர்னர் டுகாக்கிஸ், இருவருக்கும் நடந்த விசாரணை நியாயமாக நடக்கவில்லை என்று பிரகடனமே வெளியிட்டார். வான்செட்டியின் ரிவால்வர் காவலாளியுடையதா என்ற தகராறு தனி. அது இன்னும் தீரவில்லை.

முதல் ஆளோடு சரி

இப்போது அமெரிக்கப் போலீசார் ஒரு பிஸ்டலைப் பிடித்தால், மேற்கு வர்ஜீனியாவில் மார்ட்டின்ஸ்பர்க் ஊரில் உள்ள மத்திய அலுவலகத்துக்கு நம்பரை அனுப்புவார்கள். அங்கிருந்து தொழிற்சாலை, மொத்த வியாபாரி, சில்லறைக் கடை என்று தேடி, முதன்முதலில் வாங்கிய ஆள் பெயரைப் பிடிப்பார்கள். பெயரைத் தட்டினால் துப்பாக்கி விவரம் வரும்படி மத்தியப் பதிவேடு வைக்கக்கூடாது என்று 1986-லேயே சட்டம் தடுத்துவிட்டது. மூடிப்போன கடைகளின் கணக்குகள் அந்த அலுவலகத்தில்தான் மலைபோல் கிடக்கின்றன.

முதல் ஆளுக்கு அப்புறம்? தனியாள் தனியாளுக்கு விற்பதைப் பல மாநிலங்களில் யாரும் எழுதி வைப்பதில்லை. சங்கிலி அங்கே அறுந்துவிடும். அதுவும் பிரேமின் சங்கிலிதான். குழல் எங்கிருந்து வந்தது என்ற கதை அதில் இல்லவே இல்லை.

நம்பர் இருந்தும் கதை பாதியில் நிற்பது நம் நாட்டுக்கும் புதிது அல்ல. 1948 ஜனவரி 30-ந் தேதி கோட்சே மகாத்மாவைச் சுட்ட இத்தாலிய பெரெட்டா பிஸ்டலின் நம்பர் 606824. அது குவாலியரில் கைமாறியது என்று வழக்கில் வந்தது. அதற்கு உதவியதாகத் தண்டனை பெற்ற டாக்டர் பார்ச்சூரே, 1949-ல் ஐகோர்ட்டில் விடுதலை ஆனார். இத்தாலியில் செய்த பிஸ்டல் எத்தனை கை மாறி குவாலியருக்கு வந்தது என்பதை ஆறு இலக்கத்தைப் பார்த்து யாரால் சொல்ல முடியும்?

நம் சட்டம் அமெரிக்கச் சட்டத்தைவிடக் கறார். 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் "துப்பாக்கி" என்ற சொல்லுக்குள் உதிரிபாகமும் அடக்கம். "வெறும் குழல்தானே ஐயா" என்று தப்ப முடியாது. தகுந்த லைசென்சு இல்லாமல் குழலை வெட்டிக் குறைப்பதும், விளையாட்டுத் துப்பாக்கியை நிஜத் துப்பாக்கியாக மாற்றுவதும் குற்றம். தயாரித்தவர் பெயரோ நம்பரோ வேறு அடையாளமோ இல்லாத துப்பாக்கியை விற்பதும் குற்றம்.

அப்பா வைத்திருந்தது, மாமனார் கொடுத்தது என்று பழைய துப்பாக்கி வைத்திருக்கும் லைசென்சுதாரர்கள் அதே சட்டத்தின் 8-வது பிரிவை ஒருமுறை படித்துவிட்டு, பெட்டியைத் திறந்து நம்பரைப் பார்த்துக்கொள்வது நல்லது. நம்பர் அழிந்த, திருத்திய துப்பாக்கி ஒருவர் கையில் இருந்தால், அதைச் செய்தவர் அவரே என்றுதான் கோர்ட்டு எடுத்துக்கொள்ளும். "என் கைக்கு வரும்போதே இப்படித்தான் இருந்தது" என்றால், அதை நிரூபிக்க வேண்டியவரும் அவரே.