அக்கரைத் தீவுகளில் ஒரு பகல்



பாடசாலை விடுமுறை தொடங்கிவிட்டால் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான். நுவரெலியா என்பான் மகன். பாசிக்குடா என்பாள் மகள். வேன் கூலியை விசாரித்துவிட்டு வந்த வாப்பா, பத்திரிகையை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார். இந்த மாதம் நான் சொல்லப்போகும் பயணத்துக்கு வேன் வேண்டாம். வீட்டிலுள்ள சைக்கிள்களுக்குக் காற்றடித்து, சங்கிலிக்குக் கொஞ்சம் எண்ணெய் விட்டால் போதும். சுப்ஹு தொழுதுவிட்டுப் புறப்பட்டால், இன்ஷா அல்லாஹ், மஃரிபுக்கு முன் வீடு வந்து சேரலாம்.

காத்தான்குடிச் சகோதரிகளை மனதில் வைத்தே எழுதுகிறேன். ஏறாவூர், மருதமுனை வாசகிகள் தங்கள் ஊரிலிருந்து கணக்குப் போட்டுக்கொள்ளட்டும். காத்தான்குடியின் எந்த ஒழுங்கையில் மேற்கே நடந்தாலும் முடிவில் வருவது ஆற்றங்கரை. நாம் ஆறு என்கிறோம். புத்தகத்தில் அது மட்டக்களப்பு வாவி. வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை சுமார் 56 கிலோமீற்றர் நீளம். பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் கடலோடு கலக்கிறது. கடற்கரைப் பக்கம், சூரியன் எழும் பக்கம், எழுவான்கரை. நீருக்கு அப்பால் சூரியன் படும் பக்கம் படுவான்கரை. ஆற்றங்கரையில் நின்று பார்த்தால் பச்சைக் கோடு போலத் தெரிகிறதே, அங்கேதான் போகிறோம்.

நம்மில் எத்தனை பேர் அங்கே போயிருக்கிறோம்? மக்காவுக்குப் போய் வந்தவர்கள் இருக்கிறார்கள். கட்டாரில் பிள்ளைகளோடு சில வருடம் இருந்துவிட்டு வந்தவர்களும் உண்டு. ஆனால் சொந்த வீட்டு மொட்டை மாடியிலிருந்து தெரியும் கரையை ஒருநாளும் மிதித்ததில்லை. நம் பாட்டன்மாருக்கு அப்படியில்லை. அவர்களுடைய வயல் வட்டைகள் பல அந்தப் பக்கம்தான் இருந்தன. துணி மூட்டையும் சாமான் பெட்டியும் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய், திரும்பும்போது நெல்லும் கோழி முட்டையும் கொண்டுவந்த வியாபாரிகள் நம் தெருக்களில் எத்தனை பேர்!

அங்குள்ள ஊர்ப் பெயர்களைக் கவனியுங்கள். மகிழடித்தீவு, அரசடித்தீவு, முனைத்தீவு, போரதீவு. வரைபடத்தில் பார்த்தால் எதுவும் தீவாகத் தெரியாது. மாரி காலத்தில் போய்ப் பார்த்தால் பெயரின் பொருத்தம் புரியும். நவம்பரிலிருந்து ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை ஊற்றும்போது வாவி பெருகும், குளங்கள் வழியும், வயலெல்லாம் நீராகும். மேட்டில் இருக்கும் ஊர்கள் மட்டும் தலை காட்டும். 2011 ஜனவரி வெள்ளத்தில் படுவான்கரை ஊர்கள் பல துண்டிக்கப்பட்டுப் போனதை நீங்களே செய்தியில் பார்த்திருப்பீர்கள். ஆகவே மாரியில் இந்தப் பயணம் வேண்டாம். பெரும்போக அறுவடை நடக்கும் பெப்ரவரி, மார்ச் மாதங்கள்தான் நல்ல காலம். வெயிலும் அவ்வளவு கொடுமையில்லை.

பெண்கள் சைக்கிளில் போவதா என்று வீட்டில் ஒரு முணுமுணுப்பு எழலாம். அக்கரையில் பாடசாலைப் பிள்ளை முதல் ஆசிரியை வரை எல்லோரும் சைக்கிளில்தான் போகிறார்கள். தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. பல்லாயிரம் கிராமத்துப் பெண்கள் ஓட்டக் கற்றார்கள். அவர்களில் முஸ்லிம் சகோதரிகளும் நிறையப் பேர். தண்ணீர் எடுக்க, சந்தைக்குப் போக, பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக இன்னொருவர் கையை எதிர்பார்க்கத் தேவையில்லாமல் போனது. அபாயா அணிபவர்கள் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். சங்கிலி மூடியும் பின் சில்லுக்கு வலையும் இல்லாத சைக்கிளில் ஏறாதீர்கள். கீழ் ஓரத்தை இரண்டு பக்கமும் ஊசி குத்திக்கொள்ளுங்கள். ஓட்டத் தெரியாதவர்கள் மகனின் கரியரில் உட்கார்ந்து வரலாம், வெட்கமில்லை. கணவரும் மக்களும் தம்பிமாருமாகக் குடும்பமாகவே போங்கள். பிள்ளைகளுக்கும் அதுதான் சந்தோஷம்.

ஆரையம்பதியைக் கடந்து மேற்கே திரும்பினால் மண்முனை வீதி. வீதியின் முடிவில் பாலம். சுமார் 210 மீற்றர் நீளமுள்ள இந்தப் பாலம் ஜப்பான் உதவியோடு கட்டப்பட்டு 2014 ஏப்ரலில் திறக்கப்பட்டது. அதற்கு முன் இங்கே இருந்தது பாதை. வெளியூர் வாசகிகளுக்காகச் சொல்கிறேன், எங்கள் பகுதியில் பாதை என்றால் வழி மட்டுமல்ல. ஆட்களையும் சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு ஆற்றைக் கடக்கும் அகன்ற மிதவைக்கும் அதுதான் பெயர். பிரசவ வலியோடு பாதைக்காகக் கரையில் காத்திருந்த பெண்களின் கதை அக்கரையில் கேட்கக் கிடைக்கும். பாலத்தில் சைக்கிளை விட்டு இறங்கி நடந்து போங்கள். இருபுறமும் கண்டல் மரங்கள், தோணியில் நின்று வலை வீசுகிறவர்கள், கம்பில் குந்தியிருக்கும் நீர்க்காகங்கள். பாடும் மீனைக் கேட்கலாமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். அது நிலாக் காலத்து இரவில், கல்லடிப் பாலத்தடியில். பகலில் இங்கே கிடையாது.

பாலம் தாண்டினால் முதலில் மகிழடித்தீவு. இங்கே பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். 1987 ஜனவரியில் இந்தப் பகுதியின் இறால் பண்ணையில் வேலை செய்தவர்கள் உட்படப் பலர் படையினரால் கொல்லப்பட்டார்கள். 1991 ஜூன் 12இல் ஒரு கண்ணிவெடிச் சம்பவத்துக்குப் பின் மகிழடித்தீவிலும் முதலைக்குடாவிலும் மீண்டும் படுகொலை நடந்தது. இறந்தவர்கள் 67 பேர் என்று அரசு நியமித்த ஆணைக்குழுவே சொன்னது. ஊரில் அவர்களுக்கு நினைவுத்தூபி இருக்கிறது. சைக்கிளை நிறுத்தி ஒரு நிமிடம் நில்லுங்கள். 1990 ஆகஸ்ட் 3இல் நம் பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் விடுதலைப் புலிகளால் சுட்டுக் கொல்லப்பட்டதைப் பிள்ளைகள் வருடந்தோறும் கேட்டே வளர்கிறார்கள். ஆற்றுக்கு இந்தப் பக்கத்திலும் அதே பதினொரு மாதங்களுக்குள் மையித்துகள் வரிசையாகக் கிடந்தன என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. அக்கரைப் பிள்ளைகளுக்கு நம் பள்ளிவாசல்களைப் பற்றிச் சொல்கிறவர்களும் அரிது என்றே நினைக்கிறேன்.

அந்த வருடத்தோடு நம்மவர்கள் அக்கரை வயலுக்குப் போவது நின்றது. 2007இல் இந்தப் பகுதி மீண்டும் அரசின் கைக்கு வந்து, 2009இல் போர் முடிந்த பிறகுதான் போக்குவரத்து பழையபடி ஆனது. காணிப் பிணக்குகள் எல்லாம் தீர்ந்துவிட்டன என்று சொல்ல முடியாது. பிறகு 2019 ஏப்ரல் 21. மட்டக்களப்பு சியோன் தேவாலயத்தில் குழந்தைகள் உட்படப் பலியானவர்கள் நம் அயலவர்கள். அந்தக் கூட்டத்தின் தலைவன் நம் ஊரில் பிறந்தவன். அதன் பின் அபாயாவோடு எங்கே போனாலும் முதுகில் பார்வை குத்தியதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். "பிட்டும் தேங்காய்ப்பூவும் போல வாழ்ந்தோம்" என்று மேடைக்கு மேடை சொல்லித் தேய்த்துவிட்டோம். குழலுக்குள் பிட்டு ஒரு பக்கமும் பூ ஒரு பக்கமும் தனித்தனியே கிடந்தால் அதற்குப் பெயர் பிட்டா?

அதனால்தான் வேனில் போகாதீர்கள் என்கிறேன். வேனில் போனால் கண்ணாடி வழியே பார்த்துவிட்டு வந்துவிடுவீர்கள். சைக்கிளில் போனால் தாகம் எடுக்கும், காற்றுப் போகும், வழி கேட்க வேண்டிவரும். வேலியோரம் நிற்கும் அம்மா, "எங்கயிருந்து மகள் வாறீங்க?" என்பார். காத்தான்குடி என்று தயங்காமல் சொல்லுங்கள். கேட்ட வழிக்கு, "இதால போய் அந்த மரத்தடியில கிறுகுங்க" என்று கை நீட்டுவார். வயதானவராக இருந்தால், உங்கள் பாட்டனையோ அவருடைய வயலில் வேலை செய்த முல்லைக்காரனையோ தெரிந்தவராகவும் இருக்கலாம். பேச்சு வளர்ந்தால் குடி என்ன என்று கேட்டுப் பாருங்கள். மட்டக்களப்பில் நம்மவர்களுக்கும் தமிழர்களுக்கும் குடி தாய்வழியில்தான் வருகிறது. சீதன வீடும் மகளுக்குத்தான். போர்த்துக்கீசர் துரத்திய முஸ்லிம்களில் 4,000 பேரை 1626இல் கண்டி மன்னன் செனரத் மட்டக்களப்பில் குடியேற்றினான் என்று வரலாற்று நூல்கள் கூறும். அன்றிலிருந்து எடுத்தாலும் நானூறு வருட அயல்.

மகிழடித்தீவிலிருந்து கொக்கட்டிச்சோலை. தான்தோன்றீஸ்வரர் கோயிலால் பெயர் பெற்ற ஊர், கடைத்தெரு உள்ள இடம். தேநீர் குடித்துவிட்டு அரசடித்தீவுப் பக்கம் மிதியுங்கள். இங்கிருந்துதான் உண்மையான நாட்டுப்புறம். வாய்க்கால் வரம்பில் சைக்கிளைச் சாத்திவிட்டு இறங்கி நடக்கலாம். அறுவடை காலமென்றால் மெஷின் வெட்டிக்கொண்டிருக்கும். முன்பு கதிரை அறுத்துச் சூடு வைத்து, களவெட்டியில் மாடு விட்டு மிதித்த கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே போங்கள். வயலில் இறங்குமுன் நிற்கிறவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். எருமைகள் சேற்றில் கிடக்கும். கன்றோடு நிற்பதற்குக் கிட்டப் போகவேண்டாம். மேற்கே காட்டோர ஊர்களுக்கும் போகாதீர்கள். யானைத் தொல்லையால் அங்குள்ளவர்கள் படும் பாடு பெரிது. பொழுது சாயும்போது அந்நியர் அங்கே நிற்பது நல்லதல்ல.

பள்ளிவாசல் இந்தப் பக்கம் கிடையாது. மரநிழலும் வாய்க்கால் நீரும் இருக்கின்றன. தொழுகை விரிப்பு ஒன்றைக் கொண்டுபோனால் லுஹருக்கு வேறென்ன வேண்டும்? கட்டிக்கொண்டு போன சோற்றுப் பொதியை அங்கேயே அவிழ்க்கலாம். கூடுதலாக இரண்டு பொதி எடுத்துப் போங்கள். பக்கத்து வாடியில் இருப்பவர் எட்டிப் பார்த்தால் கொடுக்கலாம். எலும்பையும் பொலித்தீனையும் வயலில் விட்டு வராதீர்கள்.

திரும்பும்போது வந்த வழியே வரவேண்டாம். தெற்கே அம்பிளாந்துறைக்குப் போனால் பாதையில் ஏறிக் குருக்கள்மடத்துக்கு வரலாம். சேவை உண்டா, கடைசிப் பாதை எத்தனை மணிக்கு என்பதைக் கொக்கட்டிச்சோலைக் கடையிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். காற்று பலமாக இருந்தாலும், ஆட்கள் நெருக்கியடித்து ஏறினாலும், பேசாமல் மண்முனைப் பாலத்துக்கே திரும்பிவிடுங்கள். 2021 நவம்பர் 23இல் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் இப்படிப்பட்ட மிதவை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகளை இழந்தோம். சின்னப் பிள்ளைகளின் கையை விடாதீர்கள். பாதையின் ஓரத்தில் நின்று படம் எடுப்பதும் வேண்டாம்.

பாதை வந்து சேரும் குருக்கள்மடத்திலும் நமக்கு ஒரு காயம் உண்டு. 1990 ஜூலையில் இந்த வீதியால் வந்த முஸ்லிம் பயணிகள் புலிகளால் மறிக்கப்பட்டுக் கடத்திக் கொல்லப்பட்டார்கள். ஜனாஸாக்கள் வீட்டாருக்குக் கிடைக்கவில்லை. புதைத்த இடத்தைத் தோண்டிப் பார்க்கவேண்டும் என்று நீதிமன்றம் வரை குடும்பங்கள் போயின. மகிழடித்தீவில் ஒரு நிமிடம் நின்றவர்கள் இங்கேயும் இறங்கி ஒரு துஆச் செய்துவிட்டு ஏறுங்கள். காலையில் அங்கே ஏன் நின்றோம், மாலையில் இங்கே ஏன் நிற்கிறோம் என்று பிள்ளைகள் கேட்டால், இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இனி பிரதான வீதி. பஸ்ஸும் லொறியும் காற்றாய்ப் பறக்கும். பிள்ளைகளை இடப்பக்கம் ஒற்றை வரிசையில் விட்டுப் பெரியவர் ஒருவர் கடைசியில் வரட்டும். கிரான்குளம், தாழங்குடா, ஆரையம்பதி என்று ஊர்கள் அடுத்தடுத்து வரும். அக்கரையில் வாங்கிய எருமைத் தயிர்ச் சட்டியைக் கரியரில் கட்டாமல் கையில் பிடித்துக்கொண்டு வருவது நல்லது. அது உடையாமல் வீடு வந்தால் அன்றிரவுச் சோற்றுக்கு வேறு கறி தேடவேண்டியதில்லை.